பந்தல்குடி ரோட்டுப் படம்

பந்தல்குடி ரோட்டில் தொங்கிய தன் கடை ஃபிளெக்ஸை எவரோ அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்ததும், ஜவுளிக்கடை ஜெகதீஸ்வரன் கல்லாவை விட்டு எழுந்தார்.

வந்தவர் அதை மேஜைமேல் விரித்தார். படத்தில், கையில்லாத ரவிக்கையும் திறந்த முதுகுமாய், சேலை கட்டிய பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் எம்.ரெட்டியபட்டி வெள்ளத்துரை. இது எம்மக ரோஷினி."

ஜெகதீஸ்வரன் அவசரமாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அசிங்கமான படம் என்று நேற்றுத்தான் ஒரு கூட்டம் வந்து கத்திவிட்டுப் போனது. இன்றைக்குப் பெற்ற தகப்பனே வந்து நிற்கிறார்.

"அண்ணே, மெட்ராஸ்ல எடுத்தது. பிள்ளை சம்மதிச்சுத்தான்..."

"அதை நான் கேக்கலை."

"முதுகு தெரியாத படமா மாத்திர்றேன்ணே."

"முதுகு கெடக்கட்டும்யா!"

"ஊருல ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாதுண்ணே. கம்ப்யூட்டர்ல நல்லா மினுக்கித்தான்..."

மேஜையில் ஓங்கி அறைந்தார் வெள்ளத்துரை.

"அதுதான்யா என் வயித்தெரிச்சல்! ரெண்டு நாளா ஊருச்சனத்தை பஸ்ஸு ஏத்திக் கூட்டியாந்து, எம்மக, எம்மகன்னு காட்டுறேன். ஒருத்தன் நம்பலை. கேலி பண்றானுக."

அவர் சட்டைக் கையை மேலேற்றினார். பருத்திக் காட்டு வெயிலில் கறுத்த கையை, படத்திலிருந்த பால்வெள்ளைக் கையோடு சேர்த்து வைத்தார்.

"எம்பிள்ளை என் நிறம்யா. யாரைக் கேட்டு வெள்ளையடிச்சீக?"