கதாநாயகிக்கு ஒரு துப்பாக்கி

"உன் கேம்ல வர்ற பொண்ணு கையில துப்பாக்கி இருக்கணும். ஹெட் ஆபீஸ் ஆர்டர்" என்றார் முனிரத்தினம், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

தாம்பரத்திலிருந்த அந்தச் சின்ன கம்ப்யூட்டர் கேம் கம்பெனியை பம்பாய்க்காரர்கள் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவர்கள் அனுப்பிய மேனேஜர் இவர்.

"அவ தண்ணி லாரிக்குக் குடத்தோட வரிசையில நிக்கிறவ சார். துப்பாக்கி இருந்தா எதுக்கு வரிசையில நிக்கப் போறா?" என்றாள் அந்த கேமை உருவாக்கிய காந்திமதி.

"குடம் தூக்குற கேமை எவன் ஆடுவான்?"

"பொழிச்சலூர்ல எங்க தெருவே தினமும் ஆடுது சார். அவ கைக்குத் துப்பாக்கி வராது. வேணும்னா என்னை வேலையை விட்டுத் தூக்குங்க."

"மாத்தியாச்சுன்னு நாலு மணிக்குள்ள நான் ஃபேக்ஸ் அனுப்பணும்மா."

"மணி ஆறரை சார்."

முனிரத்தினம் பதறிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். விரல்கள் மட்டும் கீபோர்டை விட்டு நகரவில்லை. மதியம் 'கேமை அஞ்சு நிமிஷம் ஆடிப் பார்த்துட்டுத் தர்றேன்' என்று உட்கார்ந்தவர். காந்திமதி எட்டிப் பார்த்தாள். திரையில் அவள் தெரு, அவள் லாரி.

"அப்ப ஃபேக்ஸ் சார்?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"துப்பாக்கி வேணாம்னு காலையில அனுப்பிடறேன். இப்ப கொஞ்சம் சும்மா இரும்மா! நான் செங்கல் வச்சுப் பிடிச்ச இடத்துல எவளோ குடத்தை வச்சுட்டா!"