துடைத்துக் கொடுக்கிற வேலை

“கையும் களவுமா மாட்டினியா?”

மீட்டர்காரர் போட்ட சத்தத்தில் மைத்துனன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவி மேஜையில் விழுந்தது.

அவன் முன்னால் கிடந்தது ஒரு மீட்டர். மின்சாரம் எவ்வளவு என்று முள் ஆடிக் காட்டுகிற பழைய ரகம். காலையிலிருந்து மீட்டர்காரர் அதோடு மல்லுக்கட்டியிருந்தார். உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்த தகட்டைச் சுரண்டி, விட்டுப்போன கம்பிக்கு ஈயம் வைத்து, கடைசியில் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்தால், இந்த மகராசன் முள்ளை நகர்த்துகிற திருகைத் திருகிக்கொண்டிருக்கிறான்!

“நான் நிறுத்தின முள்ளுல உனக்கென்னடா வேலை?”

“இல்ல அத்தான்... துடைக்கும்போது...”

“துடைக்கிறதுக்கு ஸ்க்ரூ டிரைவர் எதுக்கு? தெரியாமத்தான் கேக்கறேன், எந்த ஊர்ல ஸ்க்ரூ டிரைவரால துடைக்கிறாங்க?”

மைத்துனன் துடைக்கிற துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த கையோடு கடையில் வந்து ஒட்டிக்கொண்டவன். வந்த புதிதில் ஒரு மீட்டரைக் கீழே போட்டு முள்ளை வளைத்தான். மீட்டர்காரர் அதை மறக்கவில்லை. அவனையும் மறக்க விடவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு, வேலை முடிந்த மீட்டரைத் துடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும்தான். தலை நரைத்தும் பதவி உயரவில்லை.

“முள்ளுக்குக் கீழே கண்ணாடிப் பட்டை எதுக்கு வச்சிருக்கான்? நீ மூஞ்சி பாத்து பவுடர் போடவா? முள்ளும் கண்ணாடியில விழற அதோட நிழலும் ஒண்ணுமேல ஒண்ணு நிக்கணும். அப்பத்தான் நேரா பாக்கறோம்னு அர்த்தம். சாஞ்சு பாக்கறவனுக்கு எல்லாமே கோணல்தான். எத்தனை தடவை கத்தியிருப்பேன்?”

“தெரியும் அத்தான்.”

“என்னத்தைத் தெரியும்? இதை நம்பி எவனாவது கம்பியில கை வச்சா, போற உயிருக்கு நீயா ஜவாப்தாரி? கிளம்பு. உங்கக்கா உருண்டு புரண்டு அழுதாலும் சரி, இனிமே இந்தப் படி ஏறாதே.”

மைத்துனன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அத்தானின் முகத்தைப் பார்த்தான். விழுங்கிக்கொண்டான்.

“தப்புதான் அத்தான்.”

துடைக்கிற துணியை நாலாக மடித்து வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

“விட்டது சனியன்!”

மீட்டர்காரர் உட்கார்ந்தார். வழக்கம்போல் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டார். கேட்டால், வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நன்றாக விழுகிறது என்பார். முள்ளை மறுபடி பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

சாயங்காலம் மில் எலக்ட்ரீஷியன் மீட்டரை வாங்க வந்தான். கையில் எடுத்ததும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

“ஐயா, முள்ளு தள்ளி நிக்குதே?”

“நீ நேரா பாரு.”

“நேராத்தான் பாக்கறேன். நிழல் முள்ளுக்குப் பின்னாடி மறைஞ்சாச்சு. ஆனா முள்ளு பூஜ்யத்துல இல்லையே.”

மீட்டர்காரர் வெடுக்கென்று பிடுங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“கண்ணு பொடனியிலயா இருக்கு உனக்கு? ஆணி அடிச்ச மாதிரி நிக்குது பாரு, பூஜ்யத்துல!”

எலக்ட்ரீஷியன் மீட்டரைப் பார்க்கவில்லை. சாய்ந்திருந்த அந்தத் தலையையும், புரை விழுந்து வெளுத்திருந்த வலது கண்ணையும் பார்த்தான்.

“உங்க மச்சான் எங்க ஐயா?”

“விரட்டிட்டேன். நான் சரிபண்ணி வைக்கிற மீட்டரைத் திருகிக் கெடுக்கிறான், தண்டச்சோறு.”

எலக்ட்ரீஷியன் மீட்டரை மேஜைமேலேயே வைத்தான்.

“அவரைக் கூப்பிட்டு ஒருதடவை துடைச்சு வைக்கச் சொல்லுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன். அவர் துடைச்சுக் கொடுத்தாத்தான் எங்க ஆளுங்க நம்பி கம்பியில கை வைப்பாங்க.”

“என்னடா உளர்றே?”

“உங்க கண்ணு கெட்ட சேதி உங்க காதுக்கு வந்துடக் கூடாதுன்னு, இத்தனை வருஷமா எங்க எல்லார் வாயையும் கட்டி வச்சிருந்தவர் ஐயா அவரு!”