பாபாவுக்கு முன் சீட்டு

டர்பன் நகர ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திய பெகி, "நெடுஞ்சாலையில போனா சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம். மலைப்பாதை எதுக்கும்மா?" என்றான்.

"போன தடவை மூடுபனியில மலையே தெரியலைன்னு உங்க பாபா எவ்வளவு புலம்பினார்! இன்னிக்காவது பார்க்கட்டும்."

அப்பாவுக்கு இடம் விட்டு, தங்கை ஸாண்டிலே பின் சீட்டுக்கு மாறினாள். "முன் சீட்டு பாபாவுக்கு. வளைவுக்கு வளைவு 'மெதுவாப் போடா'ன்னு உன்னைத் திட்ட வேண்டாமா?"

வார்டில், பாபா போன வாரம் இறந்த கட்டிலை அம்மா முள்மரக் கிளையால் தொட்டாள். "வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அவர் ஆவி ஏறிய கிளையை முன் சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினாள். வழி நெடுகப் பேச்சுக் கொடுத்தால்தான் ஆவி வழி தவறாது.

முதல் வளைவில் பெகி வேகத்தைக் குறைத்தான்.

"இந்த வேகம் போதுமா, பாபா?"