இருமும் படகு

கடலிலிருந்து திரும்பும் நாற்பது ஹைட்ரஜன் படகுகளில் சவரிராயனின் படகு மட்டும் இருமிக்கொண்டே வரும். பதினொரு வருடமாக, அந்த இருமல் கேட்ட பிறகுதான் அவன் மனைவி ரோசலின் உலை வைப்பாள்.

அன்று இருவரும் கரையில் படகருகே நின்றபோது, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகின் கலத்துக்கான புதிய தகடுகள் அடங்கிய பெட்டியோடு மெக்கானிக் பெர்க்மான்ஸ் வந்தான்.

"பழைய தகட்டுல வாயு போறதுக்கு வாய்க்கால்தான் இருக்கு மைனி. கரண்டு உண்டாகும்போது உள்ள ஊறுற தண்ணி அத அடைச்சா திணறி இருமும். இது பஞ்சு மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை உள்ள உலோகம். ஒரு ஓட்டை அடைச்சா வாயு வேற ஓட்டைல பூந்து போயிரும்."

"அப்ப இருமவே இருமாதா?"

"மூச்சுகூட கேக்காது."

"ஒரே ஒரு தகட்ட மட்டும் பழசாவே விட்டுரேன்."

"ஒரு தகடு திணறுனா மொத்தத் தகட்டு அடுக்கும் படுத்துரும். போன மாசக் காத்துல அண்ணன் நடுக்கடல்ல நின்னது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. பொழுது சாயும்வரை கரையில் நின்றவள் அவள்தான்.

கணவனிடம் திரும்பினாள். "ஒரு தடவ அந்த மிதவை வரைக்கும் போயிட்டு வாங்க."

"வலையும் இல்லாம எதுக்குளா?" என்று சிரித்தாலும் சவரிராயன் போனான்.

ரோசலின் கண்களை மூடிக்கொண்டாள். படகு இருமிக்கொண்டே போய், இருமிக்கொண்டே திரும்பியது. அது கரை தொட்டதும் அவளே பெட்டியைத் திறந்து, முதல் தகட்டை எடுத்து பெர்க்மான்ஸிடம் நீட்டினாள்.