சிவப்புப் புள்ளி

பணம் அனுப்பும் புது ஆப்பைச் சோதித்துப் பார்க்க மூட்டை தூக்குகிற ஆள் ஒருவரை ஆபீசில் கேட்டார்கள். வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, அனுசுயா தன் அப்பா சுடலைமுத்துவையே கூட்டிவந்தாள். கூட வேலை பார்க்கும் கிஷோர், இவர் யாரென்று கேட்டபோது, "எங்க தெருக்காரர்" என்று அவள் வாயில் வந்துவிட்டது. அவர் காய்த்துப்போன கழுத்தைச் சட்டைக் காலரால் மூடிக்கொண்டார். கண் போகும் இடத்தையெல்லாம் பதிவு செய்யும் கண்ணாடியை மாட்டி, சோதனை முடிந்ததும் கழற்றி, பதிவைச் சுவரில் பெரிதாக ஓடவிட்டார்கள். அவர் பார்த்த இடமெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளியாக நகர்ந்தது. போனில் பட்டும் படாமலும் போய்விட்டு, எதிரே குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அனுசுயாவின் முகத்துக்கே வந்தது. பிறகு அவள் மார்பில் தொங்கிய அடையாள அட்டையில் போய் நின்றுகொண்டது. கிஷோர் படத்தை அங்கேயே நிறுத்தினான்.

"பெருசு பட்டனைத் தேடலடா. வேற என்னமோ தேடுது."

எல்லோரும் சிரித்தார்கள். அனுசுயா குனிந்து குறிப்பேட்டைப் பார்த்தாள். சுடலைமுத்து எழுந்து அவளுக்கு முன்னால் வந்து கைகூப்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வயசாயிருச்சு, கண்ணு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். சுவரில் அந்தப் புள்ளி அசையாமல் இருந்தது. அட்டையில் அவள் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியலின் மேல்.