பெயரில்லாத கடைசி அழைப்பு

உலகத்தில் பேய் என்று ஒன்று கிடையாது, தப்பாக எழுதிய நிபந்தனைதான் உண்டு என்று அந்தப் பல் கிளினிக்கின் ரிசப்ஷனில் நின்று புரோகிராமர் அறிவித்தான். நோயாளிகளைத் திரையில் ஒவ்வொருவராகக் கூப்பிடும் இணையப் பக்கம் அவன் எழுதியது. எல்லோரும் போய் முடிந்த பிறகும் அது பெயரே இல்லாமல் இன்னொரு முறை கூப்பிட்டது. ரிசப்ஷன் அக்கா தினமும் எழுந்து, யாருமில்லாத அறையைப் பார்த்து "வாங்க" என்று டாக்டர் அறைக் கதவைத் திறந்து பிடிப்பாள்.

"ஏன்க்கா, காத்துக்கும் பல்வலியா?"

"சிரிக்காத தம்பி. கூப்பிட்டுட்டு உட்கார வைக்கக் கூடாது."

அவன் சிரித்துக்கொண்டே, பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிடும் லூப்பில், பெயர் இல்லாவிட்டால் தாண்டிப் போ என்று ஒரு வரி சேர்த்தான்.

அன்றைய கடைசி நோயாளி அவனுடைய மாமா. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தவரைத் திரை மறுபடி கூப்பிட்டது. போனார், இன்னொரு பல் குறைந்து வந்தார். உடனே மூன்றாவது முறையாகக் கூப்பிட்டது.

"மாப்ள, இதுவும் ஆடுதுன்னு டாக்டர் புடுங்கிட்டாருடா. உள்ள போறப்ப அது ஆடவே இல்ல!"

"போகாதீங்க மாமா, ஒரு நிமிஷம் இருங்க."

லூப்பை வரி வரியாகப் பார்த்தான். ஒரு தப்பும் இல்லை. மாமா கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "அடுத்ததும் ஆடுதுடா" என்றார்.

சேர்த்த வரியை அழித்தான். திரையிலிருந்து மாமாவின் பெயர் போய், வெறும் வெள்ளைக் கட்டம் மின்னியது. அக்கா எழுந்திருக்கவில்லை, அவனையே பார்த்தாள்.

ஆளில்லாத மூலை நாற்காலியில் அமுங்கியிருந்த மெத்தை மெல்ல மேலே எழும்பியது.

அவன் போய் டாக்டர் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.