இருபத்தொரு மலைகள்

ஞாயிறுதோறும் கைபேசியில் ஓவியக் குழுவில் யாராவது ஒரு புகைப்படம் போடுவார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து வரைவார்கள். இந்த முறை படம் சாந்தாமணியுடையது. வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்தது: பின்னால் கரட்டுமலை, அதன் வயிற்றில் கல்குவாரி வெட்டிய பெருங்குழி. புதன்கிழமைக்குள் இருபத்தொரு ஓவியங்கள் வந்துவிட்டன. இருபத்தொன்றிலும் மலை முழுதாக இருந்தது. ஒருவர் குழியில் பச்சையை அப்பியிருந்தார், ஒருவர் மேகத்தை இறக்கி மறைத்திருந்தார், இன்னொருவர் சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்தக் கரட்டில் அருவியே விட்டிருந்தார். “அந்தப் பள்ளம் கண்ணை உறுத்துச்சு மேடம், எடுத்துட்டேன்” என்று எழுதியிருந்தார் குழுவை நடத்தும் ஹேமலதா, கூடவே இரண்டு பூக்கள். சாந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றும் குவாரியில் வெடி வைத்தார்கள். சமையலறைச் சுவரின் விரிசல் இன்னும் ஒரு சாண் நீண்டிருந்தது. வண்ணப்பெட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சன்னல் கட்டை, மிக்ஸி, சோற்றுப் பானையின் மூடி என்று எல்லாவற்றின் மேலும் படிந்திருந்த குவாரித் தூளை விரலால் வழித்துத் தண்ணீரில் குழைத்தாள். தாள் முழுக்கக் குழியை மட்டும் வரைந்து அனுப்பினாள். உடனே ஹேமலதா கைதட்டும் பொம்மை போட்டார். “அடடா, என்ன ஒரு சாம்பல்! எந்தக் கம்பெனி கலர் மேடம்?” சாந்தாமணி விரலைக்கூடத் துடைக்காமல் எழுதினாள்: “நீங்க எடுத்துட்டீங்களே, அந்தப் பள்ளந்தானுங்க. அட்ரஸ் குடுங்க, டப்பாவுல போட்டு அனுப்பறேன். எங்கூட்டுச் சோத்துல தெனமும் வந்து விழுகுது.”